பேர்போன புயல்கள்

1

பெயர்ப் பட்டியல் என்பதும் ஒரு பிரதிதான். அதற்கு ஆசிரியர் உண்டு, இலக்கணம் உண்டு, சொல்லாமல் விட்டவை உண்டு. வாக்காளர் பட்டியலை, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை, நில உரிமைப் பதிவேட்டை வாசிக்க நாம் ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறோம். யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்றும் தேடுகிறோம். புயல்களுக்கு வைக்கிற பெயர்களின் பட்டியலையும் அப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கோயம்புத்தூர்க்காரனுக்குப் புயலோடு என்னய்யா சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்குக் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும், மலை தாண்டி மிச்சம் மீதியாக விழும் மழையும்தான் எங்கள் வானிலை. ஆனால் ஒரு பெயர் எதுவரை செல்லுபடியாகிறது, எங்கே காலாவதியாகிறது என்பதை அதன் எல்லைக்கு வெளியே நிற்பவன்தான் சரியாகப் பார்க்க முடியும். விளிம்பில் இருப்பதால் கிடைக்கும் சௌகரியம் அது ஒன்றுதான்.

முதலில் பட்டியலின் இலக்கணம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு டெல்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. 2004இல் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, மியான்மர், ஓமான், பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து ஆகிய 8 நாடுகள் ஆளுக்கு 8 பெயர் கொடுத்தன. மொத்தம் 64. 2004 அக்டோபரில் வந்த ‘ஒனில்’ முதல் பெயர். 2020 மே மாதத்து ‘அம்பன்’ கடைசி. அதற்குச் சற்று முன், 2020 ஏப்ரலில், புதுப் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. ஈரான், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகியவையும் சேர்ந்து 13 நாடுகள், ஆளுக்கு 13 பெயர், மொத்தம் 169.

விதிகள் சில. பெயர் ஆங்கில எழுத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. அரசியல், மதம், பண்பாடு, பால் இவை எதையும் சாராமல் நடுநிலையாக இருக்க வேண்டும். யார் மனதையும் புண்படுத்தக்கூடாது. நாடுகளின் வரிசை ஆங்கில அகரவரிசை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: ஒருமுறை வைத்த பெயரை மறுபடி வைக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன்.

2

எல்லாக் கடல்களிலும் இப்படி இல்லை. அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை அதே பட்டியல் திரும்பி வரும். ஆகவே ஒரே பெயரில் பல புயல்கள் உண்டு. ரொம்பவும் நாசம் செய்த புயலின் பெயரை மட்டும் ‘ஓய்வு’ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 2005இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த ‘கத்ரீனா’ அப்படி ஓய்வு பெற்றது. அந்த இடத்துக்குக் ‘கத்தியா’ வந்தாள்.

ஆனால் 2005க்கு முன்பும் கத்ரீனாக்கள் இருந்தன. 1981இல் ஒரு கத்ரீனா கியூபாவைக் கடந்தது. 1999இல் இன்னொன்று மத்திய அமெரிக்காவில் வலுவில்லாமல் ஓய்ந்தது. இன்று யாராவது ‘கத்ரீனா’ என்றால் அவை நினைவுக்கு வருகின்றனவா? மூன்றாவது கத்ரீனாவின் அடியில் முதலிரண்டும் புதைந்துகிடக்கின்றன. அதாவது, மறுபயன்பாட்டு முறையில் ஒரு படிநிலை இருக்கிறது. போதுமான அளவு கொன்றால் பெயர் உனக்கே சொந்தம். கொஞ்சமாகக் கொன்றால் பெயரைக் கழுவிக் கவிழ்த்து அடுத்தவனுக்கு வைத்துவிடுவார்கள், கல்யாண மண்டபத்து டம்ளர் மாதிரி.

இந்தக் கணக்கைப் பிலிப்பைன்ஸ் ஒளிக்காமல் எழுதியே வைத்திருக்கிறது. அந்நாட்டு வானிலைத் துறை தனக்கென நான்கு பட்டியல்களைச் சுழற்சியில் வைத்திருக்கிறது. 300 பேராவது செத்திருக்க வேண்டும், அல்லது 100 கோடி பெசோவுக்காவது சேதம் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் பெயருக்கு ஓய்வு. 299 பேர் செத்து, சேதமும் கணக்குக்குக் கீழே நின்றால் நாலு வருஷம் கழித்து அதே பெயரில் இன்னொன்று வரும். நினைவுகூரலுக்கு ஒரு விலைப்பட்டியல் இது.

இதோடு ஒப்பிட்டால் நம் கடலின் முறை சமத்துவமானதாகத் தோன்றலாம். இங்கே எல்லாப் பெயரும் ஒரேமுறைதான். கொன்றாலும் கொல்லாவிட்டாலும் ஓய்வு. ஆனால் பெயர் திரும்பாது என்ற இந்த உத்தரவாதம் எவ்வளவு தூரம் நிற்கிறது? 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையேறிய ‘நிஷா’ ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழையைக் கொட்டியது. 1983இல் தெற்குப் பசிபிக்கில் பிரெஞ்சுப் பாலினீசியத் தீவுகளைத் தாக்கிய புயலுக்கும் ‘நிஷா’ என்றுதான் பெயர். பதிவேடுகளில் ‘நிஷா-ஒராமா’ என்று இருக்கும். தாஹித்திப் பக்கத்துத் தீவுக்காரனும் ஒரத்தநாட்டு விவசாயியும் ஒரே பெயரால் அடிபட்டவர்கள். இருவருக்கும் அது தெரியாது. ஒருமுறைதான் என்ற விதி ஒரு கடலுக்குள் மட்டுமே செல்லும்.

அதே கடலுக்குள்ளும் இன்னொரு வேடிக்கை. முதல் பட்டியலுக்கு இந்தியா கொடுத்த எட்டுப் பெயர்கள் அக்னி, ஆகாஷ், பிஜ்லி, ஜல், லெஹர், மேக், சாகர், வாயு. இரண்டாவது பட்டியலில் இந்தியா கொடுத்ததில் ‘நீர்’ இருக்கிறது. 2010இல் வந்துபோன ‘ஜல்’தான் தமிழ் வேஷம் கட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கிறது. 2019 ஜூனில் ‘வாயு’ வந்தது. அதே வருஷம் டிசம்பரில் இலங்கை கொடுத்த ‘பவன்’ வந்தது. இரண்டுக்கும் காற்று என்றே பொருள். 2020இல் ‘கதி’, 2023இல் ‘தேஜ்’, இரண்டும் வேகம்தான். பெயரைத் திருப்பக்கூடாது என்று விதி போட்டவர்களாலும் பொருள் திரும்புவதைத் தடுக்க முடியவில்லை. குறிப்பான் புதிது, குறிப்பீடு பழையது. புயல் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று என்ற உண்மை, விதியின் சந்து வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

3

பெயர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற விதியையும் சற்றுக் கவனிக்கலாம். 1953இல் அமெரிக்கா புயல்களுக்குப் பெண் பெயர்களை மட்டும் சூட்டத் தொடங்கியது. கால் நூற்றாண்டுக் காலம் புயல் ‘அவள்’ ஆகவே இருந்தாள். பெண்ணியவாதிகள் போராடிய பிறகு 1979இல்தான் அட்லாண்டிக் பட்டியலில் ஆண் பெயர்கள் சேர்ந்தன. நம் பக்கம் அந்தச் சண்டை நடக்கவில்லை. விதியே பாலை விலக்கிவைத்துவிட்டது. ஆனால் வாசிப்பு விதிக்குக் கட்டுப்படுமா? ‘நர்கீஸ்’ 2008இல் மியான்மரில் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ‘லைலா’ 2010இல் ஆந்திரக் கரையில் ஏறியது. இந்தப் பெயர்களைக் கேட்டதும் பெண்ணை வைத்துப் பகடி செய்யும் பழக்கம் டீக்கடையில் வந்துவிட்டது. பெயர் நடுநிலையாக இருந்தாலும் வாய் நடுநிலையாக இருப்பதில்லை.

2013இல் இன்னொன்று நடந்தது. இலங்கை தந்திருந்த ‘மகாசேன்’ என்ற பெயரில் ஒரு புயல் வங்கக் கடலில் கிளம்பியது. மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டிய அரசன். குளம் வெட்டிச் சோறு போட்ட ராஜாவின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று இலங்கையில் எதிர்ப்பு எழுந்தது. பெயர் திரும்பப் பெறப்பட்டு ‘வியாரு’ ஆயிற்று. வீசிக்கொண்டிருக்கும் புயலுக்குப் பெயர் மாறியது. இந்த எதிர்ப்பை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நான் தயாரில்லை. ஒரு பெயரில் தண்ணீரின் ஞாபகம் தேங்கியிருக்கிறது, அதை வெறும் ஓசையாகக் கருதி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னார்கள். பட்டியல் போடுகிறவர்களுக்குப் பெயர் என்பது எட்டு எழுத்து. குளத்துப் பாசனத்தில் சாப்பிட்டவர்களுக்கு அப்படி இல்லை.

தமிழில் என்ன நடக்கிறது? வரும் பெயர்களை நாம் கேட்கும் விதமே தனி. மியான்மர் கொடுத்த ‘தானே’ 2011 டிசம்பர் 30இல் கடலூரைப் பெயர்த்துப் போட்டபோது தமிழ்க் காதுக்கு அது ‘தானாகவே’ வந்த புயல். 2016இன் ‘நாடா’வைக் கேட்டதும் பாவாடை நாடாதான் நினைவுக்கு வந்தது. 2023இன் புயலை மிச்சாங் என்பதா, மிக்ஜாம் என்பதா என்று தீர்வதற்குள் சென்னை மூழ்கிவிட்டது. 2024இல் ஃபெங்கலா, ஃபெஞ்சலா என்று அடுத்த பட்டிமன்றம்.

ஆகவே புதுப் பட்டியலில் ‘முரசு’ம் ‘நீர்’உம் இருப்பதைப் பார்த்துப் பலருக்குப் பெருமை. தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். எனக்கு இந்தப் பெருமை புரியவில்லை. முரசு என்ற பெயரில் ஒரு புயல் ஏதோ ஒரு குடிசையைப் பிடுங்கிப் போகும்போது, குடிசைக்காரன் ‘நல்லவேளை, தமிழ்ப் பெயர்’ என்று ஆறுதல் அடைவானா? பெயர் எந்த மொழி என்பதல்ல பிரச்னை. எதற்குப் பெயர் வைக்கிறோம், எதற்கு வைக்க மறுக்கிறோம் என்பதே பிரச்னை.

4

இங்கே சற்று விலகி எங்கள் பக்கத்துப் பெயர் வழக்கத்துக்கு வருகிறேன். விலகல்போலத் தெரிந்தாலும் விஷயம் இதுதான்.

தமிழில் மகனுடைய மகனுக்குப் ‘பேரன்’ என்று பெயர். பெயரன் என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைத் தாங்கி வருகிறவன். உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயரின் மறுபயன்பாடு இருக்கிறது. எனக்கும் எங்கள் அப்பாருவின் பெயர்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. ஆகவே எங்கள் ஆத்தா கடைசிவரை என் பெயரைச் சொன்னதே இல்லை. ‘சாமி’, ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து பேரனின் பெயரைக் கேட்டால், ‘அதாஞ் சாமி, அவிங்க அப்பாரு பேருதானுங்’ என்று சுற்றிவளைத்துச் சொல்லும். ஒரே பெயர் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றதாகவும் மறுபடி புழக்கத்துக்கு வந்ததாகவும் இருந்தது. அட்லாண்டிக் கமிட்டிக்கு இது புரியாது.

பிரேசிலின் நம்பிக்வாரா மக்களிடையே சொந்தப் பெயரைச் சொல்வது விலக்கு. லெவி-ஸ்ட்ராஸ் அங்கே இருந்தபோது, இரண்டு சிறுமிகளுக்குள் சண்டை. ஒருத்தி வந்து மற்றவளின் பெயரை அவர் காதில் சொல்லிவிட்டாள். பதிலுக்கு அவளும் இவள் பெயரைச் சொன்னாள். அப்படியே எல்லோர் பெயரையும் அவர் வாங்கிவிட்டார். இந்தச் சம்பவத்தைத் தெரிதா எடுத்து வாசிக்கிறார். பெயர் என்று நாம் நினைப்பது ஒருவருக்கு மட்டுமே உரிய தூய அடையாளம் அல்ல, அது முதலிலிருந்தே ஒரு வகைப்பாடு. பெயரிடும் செயலிலேயே வன்முறை இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ‘ஒரே ஒருமுறை, ஒரே ஒருவருக்கு’ என்ற பெயர் எங்குமே கிடையாது என்று இதை எங்கள் ஆத்தா பாஷையில் சொல்லலாம். பெயர் என்றாலே திரும்பி வருவதுதான்.

இதே கொங்கு மண்ணில் அழிவுக்கும் பெயர் உண்டு. அதுவும் திரும்பி வரும் பெயர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்கிறோம். கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்கள் அதில் கடுமையாக அடிபட்டவை. ஈரோட்டுப் புலவர் செ. இராசு பஞ்சக் கும்மிகளைத் தேடித் தொகுத்தார். ஆவணங்களில் எண்ணாக இருந்த சாவு அவற்றில் பாட்டாக இருக்கிறது. தாது என்பது அறுபது வருஷச் சுழற்சியில் பத்தாவது. 1876இல் வந்தது, 1936இல் மறுபடி வந்தது, 1996இல் மறுபடி, இனி 2056இல் வரும். தமிழில் தாது என்றால் சத்து என்றும் பொருள். எலும்பும் தோலுமாகச் செத்த வருஷத்துக்குச் சத்து என்று பெயர்!

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தனை பேரைக் கொன்ற பின்பும் ‘தாது’வுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அது தன் முறை வந்ததும் வந்தது. 1996 சித்திரையில் எங்கள் ஆத்தா சொன்னது ஞாபகம் இருக்கிறது: ‘தாது பொறந்துருச்சாக்கும். சோளத்தையெல்லாம் வித்துப்போடாதே கண்ணு.’ தாது வருஷப் பஞ்சத்தை அது பார்த்ததில்லை. அதன் ஆத்தாவிடம் கேட்டது. நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பசி, பெயர் திரும்பி வந்த ஒரே காரணத்தால், குதிருக்குள் சோளமாக நின்றது. கத்ரீனா முறையில் மோசமானதை எடுத்துவிட்டு மற்றதைச் சுழற்றுவார்கள். தாது முறையில் மோசமானதும் சுழன்றுகொண்டே இருக்கும். எது அதிகம் எச்சரிக்கிறது?

உடனே யாராவது, பஞ்சாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று சண்டைக்கு வரலாம். இல்லை. அறுபது வருஷப் பெயர்களும் வடமொழிப் பெயர்கள், அவற்றுக்குச் சொல்லப்படும் புராணக் கதை அருவருப்பானது என்று திராவிட இயக்கம் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. தை முதல் நாளைப் புத்தாண்டு ஆக்கி 2008இல் சட்டம் வந்ததும், 2011இல் அது நீக்கப்பட்டதும் வேறு வழக்கு. வருஷத்துக்கும் பஞ்சத்துக்கும் காரண காரிய உறவும் கிடையாது. 1876இன் பஞ்சத்தில் மழை பொய்த்ததற்கு இருந்த பங்கு, தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த ஏகாதிபத்தியத்துக்கும் உண்டு. நான் பார்ப்பது நம்பிக்கையை அல்ல, பெயர் நினைவை எப்படி வேலை வாங்குகிறது என்பதை. சோசியம் பொய்யாக இருக்கலாம். சோளத்தை விற்காதே என்ற புத்திமதி பொய்யில்லை.

5

இனிப் புயலுக்கு. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர். அதற்குக் கீழே ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’, அதற்கும் கீழே வெறும் ‘தாழ்வு மண்டலம்’, இன்னும் கீழே ‘தாழ்வுப் பகுதி’. சாதி அடுக்கு மாதிரியே இருக்கிறது, இல்லையா? பெயர் உள்ளவர்கள், பெயரில்லாமல் வகையால் மட்டும் குறிக்கப்படுகிறவர்கள்.

புயல் கடலில் பெயர் பெறுகிறது. கரையேறியதும் வேகம் இழக்கிறது. செய்தியில் ‘புயல் கரையைக் கடந்தது’ என்ற வாக்கியம் வந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. நிருபர் மைக்கைச் சுருட்டுகிறார். ஆனால் கரையைக் கடந்து எங்கே போகிறது? எங்கள் பக்கம்தான் வருகிறது. எங்களுக்கு வந்துசேரும்போது அதற்குப் பெயருக்கான தகுதி போயிருக்கும். பேர் போன புயல் என்றால் கடற்கரைக்காரர்களுக்குப் பிரசித்தி பெற்ற புயல். எங்களுக்கு அது நிஜமாகவே பெயர் போய்விட்ட புயல்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறிய ‘கஜா’ திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. டெல்டாவில் லட்சக்கணக்கில் விழுந்த தென்னைகள் கஜாவின் கணக்கில் வந்தன, சரிதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஏறிய ஃபெங்கல், மறுநாளே பெயருக்குரிய வேகத்தை இழந்தது. அதன் பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், ‘வலுவிழந்தது’ என்று அறிவிக்கப்பட்ட பிறகு. வலுவிழந்தது காற்று. தண்ணீர் வலுவிழக்கவில்லை. ஆனால் பெயர் காற்றுக்குத்தானே!

இதன் உச்சத்தை 2021இல் பார்த்தோம். செப்டம்பர் 26 அன்று ஆந்திரக் கரையில் ஏறிய ‘குலாப்’ உள்நாட்டில் கரைந்தது. அதன் மிச்சம் தெலங்கானா, மராத்வாடா வழியாக அரபிக் கடலை எட்டியதும் மறுபடி வலுப்பெற்று ‘ஷாஹீன்’ ஆயிற்று. அக்டோபர் 3இல் ஓமானைத் தாக்கியது. குலாப் பாகிஸ்தான் கொடுத்த பெயர், ஷாஹீன் கத்தார் கொடுத்தது. கிழக்குக் கடலில் ரோஜா, மேற்குக் கடலில் ராஜாளி. நடுவிலே? மராத்வாடாவில் வெள்ளம் வயல்களைத் தின்ற நாட்களில் அதற்குப் பெயரே இல்லை. இரண்டு பெயர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் வாழ்கிறவர்கள் நாங்கள் எல்லோரும்.

பெயர் முறை வருவதற்கு முன்பு இப்படி இல்லை என்று சொல்லலாம். 1964 டிசம்பரில் வந்ததைத் ‘தனுஷ்கோடிப் புயல்’ என்கிறோம். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தில் ஏறியது தமிழகத்தைக் குறுக்கே வெட்டி அரபிக் கடலுக்குப் போனது. அந்த வருஷம்தான் வேடசந்தூர்ப் பக்கத்தில் குடகனாறு அணை தண்ணீர் மேலே வழிந்து உடைந்தது. ஒரே வாரத்தில் ஆந்திரத்தின் திவிசீமையில் இன்னொன்று பத்தாயிரம் பேருக்கு மேல் கொன்றது. தெலுங்கில் இன்றும் ‘திவிசீமை உப்பென’ என்கிறார்கள். அடிபட்ட மண்ணின் பெயரே அடித்ததன் பெயர். இப்போது பெயர் மண்ணிலிருந்து கழன்று பட்டியலுக்குப் போய்விட்டது. கஜா என்றால் யானை ஞாபகம் வருகிறது, வேதாரண்யம் பின்னால் போய்விடுகிறது.

6

பெயர் போனதைச் சொன்னேன். பெயரே பெறாதவை மிச்சம் இருக்கின்றன.

2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்ததற்கு மிக்ஜாம் என்று பெயர். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. கோவை நகரம் ஒரு முழு வருஷத்தில் காண்பதைவிட அதிகம். அதற்குப் பெயர் இல்லை. ‘வளிமண்டலச் சுழற்சி.’ தலைநகரத்து வெள்ளத்துக்குப் பெயர்ச்சொல், தென்கோடி வெள்ளத்துக்குப் பொதுச்சொல். இது யாருடைய சதியும் அல்ல, வெறும் காற்றளவின் விளைவு என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதை அளப்பது என்று முடிவு செய்வதுதானே அதிகாரம்?

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். இரவெல்லாம் பெய்த மழையில் 20 அடி உயர அளவுக்கு எழுப்பப்பட்டிருந்த ஒரு சுற்றுச்சுவர் விடியற்காலையில் அருந்ததியர் வீடுகள் மேல் சரிந்தது. 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அங்கிருந்தவர்களும் தலித் இயக்கங்களும் சொன்னார்கள். அரசு ஆவணத்தில் அது மழைச் சாவு. அந்த மழைக்குப் பெயர் கிடையாது. அதே வாரம் அரபிக் கடலில் சோமாலியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த புயலுக்குப் பெயர் இருந்தது. மேலே சொன்ன ‘பவன்’. மேட்டுப்பாளையத்து மழைக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழி முழுவதும் அந்தப் பெயரின் தலையில் விழுந்திருக்கும். ‘இன்ன புயலுக்கு 17 பேர் பலி’ என்று செய்தி முடிந்திருக்கும். பெயர் இல்லாததால் மட்டுமே ‘சுவர்’ என்ற சொல் தலைப்பில் நின்றது. ஆக, பெயர் மறுப்பது மட்டுமல்ல, பெயர் சூட்டுவதும் மறைக்கிற வேலை செய்யும். கொன்றது ‘தானே’ என்றும் ‘வர்தா’ என்றும் சொல்லப் பழகிவிட்டோம். கூரைக்கு ஓடு இல்லாததும், ஏரியில் வீட்டுமனை போட்டதும், தாழ்ந்த இடத்தில் காலனியை ஒதுக்கியதும் வினைமுதல் ஆவதில்லை.

வர்தா வந்த 2016ஐயே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 12இல் அது சென்னையின் மரங்களைச் சாய்த்தது, எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் புகையைப் பார்த்தவர்கள் உண்டு. பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் தென்னைகள் நின்ற நிலையிலேயே கருகின. கஜாவில் விழுந்த தென்னைக்குப் பெயரும் நிவாரணமும் இருந்தன. நின்றுகொண்டே செத்த தென்னைக்கு? வறட்சிக்கு வேகம் இல்லை. ஆகவே பெயர் இல்லை. பழைய கொங்கு அதற்கு ஒரு வருஷப் பெயரைக் கொடுத்திருக்கும். நாங்கள் அதையும் விட்டுவிட்டோம். ‘துன்முகி வருஷத்துக் காய்ச்சல்’ என்று இன்று யாரும் சொல்வதில்லை.

7

பெயரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017இல் கன்னியாகுமரி மீனவர்கள் நாட்கணக்காக ஆழ்கடலில் இருந்தபோது, நவம்பர் 30 அன்றுதான் ‘தாழ்வு மண்டலம்’ ‘ஒக்கி’ ஆயிற்று. ஒக்கி என்றால் வங்காளத்தில் கண். கண் திறந்தபோது படகுகள் கடலில் இருந்தன. பெயர் உள்ளதைத்தான் வானொலி உரக்கச் சொல்லும், பெயர் உள்ளதைத்தான் கலெக்டர் கூட்டம் போட்டுப் பேசுவார். பெயர் உயிர் காக்கும். அதனால்தான் யார், எப்போது, எந்த அளவுகோலில் பெயர் வைப்பது என்ற கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அல்ல.

என் மறுப்பு அந்த ஒரு விதியின் மேல்தான்: பெயர் திரும்பக்கூடாது. குழப்பம் வரும் என்பது நிர்வாகக் காரணம், சரி. ஆனால் அதன் கருத்தியல் விளைவைப் பாருங்கள். ஒவ்வொரு புயலும் ஒரு புதுப் பெயரோடு வருவதால், ஒவ்வொரு புயலும் முதல்முறை நடப்பது போல நடக்கிறது. ‘வரலாறு காணாத மழை’ என்று அமைச்சர் சொல்கிறார். எந்தக் கட்சி அமைச்சர் என்பது பிரச்னையில்லை. வரலாறு காணாதது என்றால் யாரும் பொறுப்பில்லை. முன்னால் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லையே! தானே, வர்தா, கஜா, நிவர், மிக்ஜாம், ஃபெங்கல் என்று மாலை மாதிரி கோத்துச் சொன்னால் ஆறு தனித்தனி ஆட்கள் வந்துபோன மாதிரி இருக்கிறது. ஒன்றே ஆறுமுறை வந்தது என்று வைத்துப் பாருங்கள். கேள்வி மாறிவிடும். ‘இது எத்தனையாவது தடவை?’ என்று கேட்கத் தோன்றும். போன தடவை மூழ்கிய தெரு எது, அதற்கு முந்தின தடவை மூழ்கிய தெரு எது, இரண்டிலும் இருந்தவர்கள் யார் என்று கணக்குக் கேட்கத் தோன்றும்.

திரும்பி வருகிற பெயருக்கு இந்தச் சக்தி உண்டு. பேரனைப் பார்க்கும் ஊர்க்காரர் ‘அப்பாரு மாதிரியே நடக்கறானே’ என்பார். அது ஒப்பீடு, அதிலிருந்து விமர்சனம் தொடங்க முடியும். ஒருமுறை மட்டுமே வரும் பெயரில் ஒப்பீட்டுக்கு இடமில்லை, வியப்புக்கு மட்டும்தான் இடம்.

டெல்லியில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்கள் இதற்காக விதியை மாற்றப்போவதில்லை. மாற்றவும் வேண்டாம். மாற்ற வேண்டியது நம் வாசிப்பை. அடுத்த புயல் என்ன பெயரில் வந்தாலும், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் போனமுறை அழிந்த ஊரின் பெயரைச் சேர்த்தே எழுதப் பழகலாம். கரையைக் கடந்தது என்பதோடு நிறுத்தாமல், அடுத்த மூன்று நாளும் மழை எந்த ஊரில் இறங்கியது என்று பின்தொடரலாம். மழைச் சாவு என்று எழுதியிருக்கும் இடத்தில் சுவர் இருக்கிறதா என்று பார்க்கலாம். காற்றில்லாமல் வரும் அழிவுக்கு, ஊர்க்காரர்கள் வைக்கும் பெயரைக் கேட்டு எழுதி வைக்கலாம். அதற்கு எட்டெழுத்துக் கட்டுப்பாடு கிடையாது. நடூர் அப்படி ஒரு பெயர். அந்தப் பெயருக்கு யாரும் ஓய்வு கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எழுதுகிறவர்களின் வேலை.